மோட்டரை வெளியே வைத்த ஞாயிறு

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது, மூன்று வாளி பிடித்தேன். 5.40க்கு மனைவியைத் திருப்பிப் படுக்க வைத்து, அவளுடைய இடது கையில் புதிதாக இருந்த கடிகளை எண்ணினேன். பதினொன்று. 6.00க்குத் தேநீர். 6.15க்கு மீன்களுக்கு இரை. வெளியே மழை.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கொழுந்து வாட்டும் மேல்மாடியில், எந்தத் தட்டில் எத்தனை மணிக்குக் கொழுந்து பரப்பினார்கள், எப்போது காற்றாடியை நிறுத்தினார்கள் என்று எழுதுவேன். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. அதனால்தான் அந்த நாளை இப்போதும் மணி தவறாமல் சொல்ல முடிகிறது.

மனைவிக்கு அப்போது இடது கையும் காலும் விழுந்து இரண்டு வருடம். பேச்சு மட்டும் குறையவில்லை. கட்டிலுக்கு எதிரே மூன்று அடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நான்கு தங்கமீன்கள். நான் வேலைக்குப் போனபின் அவளுக்கு அந்த வீட்டில் அசைவது என்று வேறொன்றும் கிடையாது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் திட்டுவாள். "இன்னைக்கு ரெண்டுக்கும் சண்டைங்க, நான்தான் தீத்து வச்சேன்" என்று மாலையில் எனக்கு ஒப்பிப்பாள்.

அந்த வருடம் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க மூட்டைப்பூச்சி. உணர்ச்சியில்லாத இடது பக்கத்தைத்தான் அவை தேர்ந்தெடுத்தன. அவளுக்குத் தெரியாது, காலையில் எனக்குத் தெரியும். சில கடிகள் புண்ணாகிவிட்டன. பத்து வீடுகளுக்கும் ஒரே கூரை, நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் மருந்தடித்தால் பூச்சி சுவர் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆகவே பத்து வீட்டுக்கும் ஒரே நாளில் அடிப்பது என்று முடிவாயிற்று. தேயிலைக்கு மருந்தடிக்கும் ஒருவரைப் பேசினார்கள்.

"மீனு என்ன ஆவும்?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

வேறிடம் கொண்டுபோக முடியாது. முன்பு ஒருமுறை தொட்டி கழுவுவதற்காக இரண்டு மீன்களைக் கீழ் லயத்தில் இருக்கும் அவள் தங்கை வீட்டில் விட்டோம். அங்கே தண்ணீர் வேறு ஊற்றிலிருந்து வருகிறது. மூன்றாம் நாள் இரண்டும் மிதந்தன. எனவே தொட்டியை இருந்த இடத்திலேயே மூடுவது என்று தீர்மானித்தேன். மூடினால் காற்று வேண்டும். காற்றுத் தரும் சிறிய மோட்டர் அறைக்குள் இருந்தால், அது அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடும். அது ஆபத்து. மோட்டரை வெளியே வைத்தால் நல்ல காற்று போகும். இதை ஒரு வாரம் யோசித்தேன்.

7.30க்கு மோட்டரை ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கமாகக் கட்டித் தொங்கவிட்டு, டியூபை உள்ளே இழுத்தேன். தொட்டிக்கு இரண்டு மடிப்புப் பொலித்தீன், அதன்மேல் நனைத்த போர்வை, விளிம்பெல்லாம் டேப். உள்ளே போகும் காற்று வெளியேற ஒரு மூலையில் விரல் நுழையும் அளவு விட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னாண்ணே, மீனுக்கு இப்பவே கோடி போத்திட்டீங்க?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு புள்ள" என்று கட்டிலிலிருந்து மனைவி அதட்டினாள்.

8.00க்கு அவளுடைய மெத்தையை வெளியே எடுத்தேன். பத்து வீட்டுக்கும் முன்னால் ஒரே நீளமாக ஓடும் இஸ்தோப்புத் திண்ணையில், எங்கள் வாசலில் மட்டும்தான் தகரம் ஒழுகாது. மெத்தையை அங்கே, ஜன்னலுக்குக் கீழே சாய்த்து வைத்தேன். 8.30க்கு மைத்துனனும் நானும் அவளை நாற்காலியோடு தூக்கி, கீழ் லயத்தில் அவள் தங்கை வீட்டில் விட்டோம். நான் மட்டும் திரும்பினேன்.

மருந்தடிப்பவர் ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். 12.10க்கு வந்தார். மேல் கோடியில் முதல் வீட்டில் ஆரம்பிப்பதாகச் சொன்னார். வீட்டுக்குக் கால் மணி என்று கணக்குப் போட்டேன். எங்களுடையது எட்டாவது வீடு. எங்களிடம் வர இரண்டு மணியாகும். மனைவிக்கு 12.30க்கு மாத்திரை, அதை நானே கொடுப்பதுதான் வழக்கம். கீழே போனேன். அவளுக்குச் சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்து, 1.25க்குத் திரும்பி வந்தேன்.

எங்கள் இஸ்தோப்பில் பத்து வீட்டு மெத்தைகளும் நின்றன. மழையில் முற்றத்தில் போட முடியாது. என் மெத்தை நனையாமல் நிற்பதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். வீடுகளுக்குள் போகுமுன் மெத்தைகளை முடித்துவிடலாம் என்று அவர் அத்தனைக்கும் அங்கேயே அடித்திருக்கிறார். மெத்தைகளிலிருந்து மருந்து சொட்டியது. மோட்டர் மெத்தைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டு ஓடியது.

வயரைப் பிடுங்கினேன். உள்ளே ஓடிப் பொலித்தீனைக் கிழித்தேன். எங்கள் அறைக்குள் இன்னும் ஒரு துளி மருந்தும் அடிக்கவில்லை. மீன்கள் தொட்டிக்குள் தாறுமாறாகச் சுற்றின. ஒன்று கண்ணாடியில் மோதி மோதித் திரும்பியது.

மருந்தடிப்பவர் மூன்றாம் வீட்டிலிருந்து வந்து பார்த்தார். "மீன் இருக்குனு எங்கிட்ட யாருமே சொல்லலயேண்ணே. அந்த டியூப்ப நான் என்னமோ கரண்டு வயருனு நெனச்சேன்."

உண்மை. அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

காலையில் பிடித்த தண்ணீரில் இரண்டு வாளியை எடுத்து, வாளிக்கு இரண்டாக மீன்களை மாற்றி, குழாயடிக்குக் கொண்டுபோனேன். அங்கே கூரை இல்லை. குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையால் தண்ணீரைக் கலக்கிக் காற்று ஏற்றினேன். 2.20க்கு முதல் மீன் சாய்ந்தது. 3.05க்கு இரண்டாவது. இதற்கிடையில் எங்கள் வீட்டுக்குள்ளும் அடித்து முடித்தார். 4.40க்கு மூன்றாவது.

பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றாள். காலையில் சொன்னதற்காக வந்தாள் என்று நினைக்கிறேன். "அக்காட்ட சொல்லாதீங்கண்ணே. ஹட்டன் டவுன்ல போய் அதே மாதிரி மூணு வாங்கிப் போட்டிரலாம். எல்லா மீனும் ஒரே மொகந்தானே?"

"அவளுக்கு ஒரே மொகம் இல்ல" என்றேன்.

6.30க்கு, உயிரோடிருந்த ஒன்றை வாளியோடு வாசலில் வைத்துவிட்டுக் கீழே போனேன். நான் குடையை மடக்குவதற்குள் அவள் கேட்டாள்.

"எத்தன போச்சு?"

"மூணு."

"எது மிச்சம்?"

"கறுப்பு வால்."

சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அதுவும் போயிரும். அதுக்குத் தனியா இருந்து பழக்கமில்ல." ஈரக் குடையைக் கதவோரம் சாய்த்தேன். "பூச்சியாவது செத்துச்சா?"

"தெரியல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, மாத்திரய தங்கச்சி குடுப்பா, நீங்க அங்கேயே நில்லுங்கனு சொல்லியிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வீட்டில் மருந்து நெடி இருந்ததால் அன்று அவளை அங்கேயே விட்டு வந்தேன்.

ஜூலை 10, திங்கட்கிழமை. 5.10க்கு எழுந்து வாளியைப் பார்த்தேன். நான்காவதும் போய்விட்டது. தொட்டியை வெளியே எடுக்க நினைத்தேன். மருந்துத் தண்ணீர் நிறைந்திருந்த அதை ஒருவனாகத் தூக்க முடியாது. காலி செய்யவும் முடியாது. எங்கள் கழிவுநீர்க் கான் கீழே இருக்கும் மரக்கறித் தோட்டங்களுக்குள்தான் போகிறது. ஆகவே முதல் வேலையாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். தலைமாடு தொட்டிப் பக்கம், கால்மாடு சமையலறைப் பக்கம். மெத்தையை விரித்து, அவள் படுப்பதுபோல, இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அதில் ஒருமுறை படுத்துப் பார்த்தேன். தொட்டி தெரியவில்லை. சுவர் தெரிந்தது, சுவிட்ச் தெரிந்தது, சமையலறைக் கதவில் பாதி தெரிந்தது. எழுந்து, அவளைத் தூக்கி வர மைத்துனனைக் கூப்பிடப் போனேன்.