யெஸ் அமுக்கிய கபிரியேல் கிளாக்கர்

என் மாமனார் கபிரியேல், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்தவர். தங்கமான மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அவரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஓய்வு பெற்றபின் உருப்படியாக ஒரு காரியம் செய்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத தோட்டத்துச் சனங்களின் விபரங்களை ஆபீசின் பழைய புத்தகங்களிலிருந்து எடுத்து, வீட்டுக் கணினியில் ஒவ்வொன்றாகத் தட்டினார். யார் பிள்ளை, எந்த லயத்து வீடு, எந்த வருடம். அடையாள அட்டை எடுக்க அவர்களுக்கு வேறு அத்தாட்சி கிடையாது. மூன்று வருட வேலை. இடையில் ஆபீசில் அந்தப் புத்தகங்களைக் குப்பையோடு கொளுத்திவிட்டார்கள். அதன்பிறகு அறுநூறு பேருடைய பிறப்பு எங்கள் மேசைமேல்தான் இருந்தது.

இரண்டாயிரத்து நாலில் வீட்டுக்கு இன்டர்நெட் எடுத்தோம். கூடவே வைரஸ் பயமும் வந்தது. பதுளை பஜாரில் ஒருவன் தலையில் கட்டிய திருட்டு அன்டி வைரஸ் சீடியைப் போட்டால், அந்தச் சீடிக்குள்ளேயே வைரஸ். தூ. காசு கொடுத்து வாங்கியது கணினியை நகரவே விடவில்லை. கடைசியில் நாலு பேரிடம் விசாரித்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஃபயர்வோலையும் ஒரு அன்டி வைரஸையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். நல்ல சாமான்தான். சந்தேகம் வந்தால் நம்மைக் கேட்கும்: உள்ளே விடவா? யெஸ், நோ.

பத்தே நாளில் கணினி நாறிப்போனது. ஃபயர்வோல் கேட்ட அத்தனை கேள்விக்கும் மாமா யெஸ் அமுக்கியிருந்தார். கண்ட கழிசடையெல்லாம் உள்ளே.

“ஒன்னுக்காவது நோ சொல்லக் கூடாதா மாமா?”

“இங்கிலீசுல கேக்குது மாப்ள. தோட்டத்துத் தொரை கேட்டா ‘யெஸ் சேர்’னுதானே சொல்லிப் பழக்கம். நோன்னு அமுக்கக் கை வர மாட்டேங்குது.”

சொல்லும்போது அவருக்கு வெட்கம்கூட இல்லை. ஒரு மனிதனை இப்படியா வளைத்து வைப்பார்கள்? இனி எதைக் கேட்டாலும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அந்தப் பிறப்புப் பட்டியலை முதலில் ஒரு சீடியில் பதிந்து வைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று விட்டேன், சோம்பேறி நாய்.

மாலையில் வந்தபோது மாமி செசிலி வாசலிலேயே அழுதுகொண்டு நின்றார். பட்டியல் இருந்த கோப்புகளிலும் வைரஸ் ஏறிவிட்டதாம். எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று அன்டி வைரஸ் கேட்டிருக்கிறது. மாமா யெஸ் அமுக்கிவிட்டார்.

கணினியைப் பழுது பார்க்கப் பண்டாரவளைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பெயரைக்கூட மீட்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ரெங்கம்மா வந்தாள். மேல் லயத்தில் கொழுந்து பறிப்பவள். மகள் தர்மிளாவை நர்ஸ் படிப்புக்கு அனுப்ப அடையாள அட்டை வேண்டும்; அதற்கு மாமாவின் பட்டியலிலிருந்து பிறப்பு விபரத் தாள் வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றாள்.

“ஐயா, புள்ளையோட தாளு…”

“இல்ல. அடுத்த மாசம் வா,” என்றார் மாமா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அவளிடம் ‘இல்ல’ சொல்ல அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

“சரிங்க ஐயா,” என்று ரெங்கம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். அடுத்த மாதமும் தாள் இருக்காது என்று அவளிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.