அட்ஜஸ்ட் பண்ணாத கண்ணாடிக்காரி

அந்த மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு ஒரே வேலைதான், அட்ஜஸ்ட் செய்வது. ஃப்ரேம் மூக்கில் வழுக்குகிறது, காதை அறுக்கிறது, ஒரு பக்கம் ஏறி நிற்கிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் அவளுடைய மேசைக்கு வந்துதான் ஆகவேண்டும். கம்பியைச் சூடு காட்டி, கட்டைவிரலால் மயிரிழை அளவு வளைப்பாள். எதிரே இருப்பவரின் முகத்தில் இறுக்கம் தளரும்.

"சரியா இருக்கா?" என்று மட்டும் அவள் யாரையும் கேட்கமாட்டாள். கேட்டால் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மரியாதைக்குச் சிலர், எழுந்து ஓடும் அவசரத்தில் சிலர். "தலையைக் குனிங்க. நல்லா ஆட்டுங்க" என்பாள். பிறகு காதுமடலை விலக்கிப் பின்னால் பார்ப்பாள். அங்கே தோல் சிவந்திருந்தால் வாய் சொன்னது செல்லாது. மறுபடி சூடு, மறுபடி வளைப்பு.

இவ்வளவு வளைக்கத் தெரிந்தவள் தான் மட்டும் வளையமாட்டாள். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக ஒருவர் நெருக்கிக்கொண்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்றால், "என் உடம்பு என்ன ஃப்ரேமா?" என்று கேட்டுவிடுவாள். வீட்டில் ஆகவேண்டிய அட்ஜஸ்ட் முழுவதும் கணவர் தலையில். ஃபேன் வேகத்திலிருந்து சாப்பாட்டில் உப்பு வரைக்கும் அவர்தான் விட்டுக்கொடுப்பார். பார்க்கிறவர்கள் பாவம் என்பார்கள். அவரோ அதில் ஒரு சுகம் கண்டுவிட்ட மனிதர்.

ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு இரும்பு அலமாரி. வேலைவிட்டு வந்ததும் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கொஞ்ச நேரம் காலை மேசைமேல் நீட்டிச் சும்மா இருப்பாள். நாளெல்லாம் அடுத்தவர் மூஞ்சியைப் பார்த்துப் பேசுகிறவளுக்கு அந்த அறைதான் மூச்சு. அதில் யாருக்கும் பங்கு கிடையாது.

அந்த அறைக்குத்தான் வினை வந்தது, நாத்தனார் உருவத்தில்.

கணவருடைய அக்கா அவர். வீட்டுக்காரர் இறந்தபின் தம்பிகள் வீடுகளில் மாறி மாறி இருக்கிறார். கையில் ஒரே பை. யாரிடம் பேசினாலும் மேவாயைத் தூக்கிக்கொண்டு, கண்ணைக் கீழே இறக்கித்தான் பார்ப்பார். 'மகாராணி பார்வை' என்று கண்ணாடிக்காரி மனசுக்குள் பேர் வைத்து வெகுகாலம் ஆகிறது. இந்த முறையும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்றுதான் ஏற்பாடு. படுக்கை ஹால் சோஃபாவில்.

சனிக்கிழமை மாலை கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா இங்கேயே இருந்துட்டா என்ன? அந்தச் சின்ன ரூமை கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

"முடியாது."

"முழுசாக் கேளேன்."

"முழுசாக் கேட்டாலும் முடியாதுதான்."

ஹாலில் இருந்தவர் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. "ஏன் தம்பி அவளைத் தொந்தரவு பண்றே? எனக்குச் சோஃபாவே சரியா இருக்கு. காலையில சின்னவன் வீட்டுக்குக் கிளம்பிடறேன்" என்றபடி பையை எடுக்கக் குனிந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

கண்ணாடி விழுந்த சத்தம் கேட்டால் அவள் சும்மா இருக்கமாட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஃப்ரேமை எடுத்தாள். ஒரு கம்பி வெளியே விரிந்திருந்தது, இன்னொன்று உள்ளே முடங்கியிருந்தது. "திரும்புங்க அண்ணி" என்று காதுமடலை விலக்கினாள். சிவப்பெல்லாம் எப்போதோ போய், தோல் கறுத்துக் காய்த்திருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"வாங்கினதுல இருந்து. சரியா இருக்கான்னு கடையில கேட்டான். இருக்குன்னேன்."

"தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பீங்களே, கண்ணாடி விழுந்துடுமேன்னா?"

"வேற எப்படிப் பார்க்கிறது?"

"என்கிட்ட கொடுத்திருக்கலாம்ல?"

"நீ வந்ததும் கதவைச் சாத்திக்குவியே."

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரார் காதெல்லாம் பார்த்தவள், ஒரே மேசையில் சாப்பிடுகிறவரின் முகத்தை ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், கோணல் ஃப்ரேமை அவள் கண் தவறவிடுமா?

வெந்நீரில் கம்பியை நனைத்து வளைத்தாள். மாட்டிவிட்டுத் தலையை ஆட்டச் சொன்னாள். கண்ணாடி அசையவில்லை. இனிமேல் மேவாய் இறங்கும் என்று அவளும் காத்திருந்தாள். அது இம்மியும் இறங்கவில்லை.

"இப்போ நல்லாத் தெரியுது" என்றார் நாத்தனார், அண்ணாந்தபடியே. "மூலையில எவ்வளவு ஒட்டடை!"

கணவர் அவசரமாக ஜன்னல் பக்கம் போய்த் தெருவை வேடிக்கை பார்த்தார்.

ஆக, மகாராணி பார்வையில் பாதி மகாராணியுடையதுதான். கண்ணாடிக்காரி சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை நீட்டப் பிடிக்கவில்லை. எல்லாரிடமும் சரியா இருக்கு, சரியா இருக்கு என்று சொல்லிக்கொண்டே ஒரு பையோடு வீடு வீடாகப் போகிறவரை அவளால் அதற்குமேல் நினைக்க முடியவில்லை. கதவைத் திறந்தாள்.

"அண்ணி, இந்த அலமாரியை நகர்த்தினாத்தான் கட்டில் போட முடியும். ஒரு பக்கம் பிடிங்க."

"நான்தான் காலையில போறேன்னேனே."

"போறதைப் பத்தி நான் கேட்கலை. பிடிங்க. ஆனா, நான் வேலைவிட்டு வந்தா அரை மணி நேரம் ரூம் எனக்கு. நீங்க ஹால்ல இருக்கணும். யாரும் பேசக்கூடாது."

"நான் வாயே திறக்கமாட்டேன்."

"அது உங்களால ஆகாது. நான் கதவைச் சாத்திக்கிறேன்."

"நான் எங்கே இருக்கிறது?" என்றார் கணவர்.

"உங்களுக்கு எங்கே இருந்தாலும் சரியா வரும்."

அலமாரி பாதி தூரம் நகர்ந்ததும் நாத்தனார் மூச்சு வாங்க நின்று, சின்னத் தம்பிக்குப் போன் செய்தார். "நாளைக்கு வரலைப்பா. என்ன பண்றது, இவளுக்கு நான் இல்லாம முடியலையாம். ஒரே கெஞ்சல்!"

கண்ணாடிக்காரி நிமிர்ந்து பார்த்தாள். பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்திவிட்டு, அலமாரியைத் தனியாகவே இன்னும் ஒரு சாண் தள்ளினாள்.