காத்தோட்டிக்காய் பொரித்த வீட்டில் ஒரு கேள்வி

கருத்துக்கணிப்பு வேலைக்கு என்னை எடுத்தவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: சனம் சொல்வதை மட்டும் பதி, உன் மூளையைப் போடாதே. நான் கேட்டேனா? படித்த திமிர்.

அரசியல் வதந்திகளைச் சனம் எவ்வளவு நம்புகிறது என்பதுதான் கணிப்பு. கடைசிக் கேள்வி, போரில் காணாமல்போனவர்கள் இரகசிய முகாம்களில் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கதையைப் பற்றியது. கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதியவனுக்கு அது வெறும் வதந்தி. இங்கே எந்த வீட்டுப் படலையைத் திறந்து அதைக் கேட்பது?

கேட்டேன். ஆடி அமாவாசையன்று, சண்டிலிப்பாயில், கணவன் காணாமல்போய்ப் பல வருடமான ஒரு பெண்ணிடம் கேட்டேன். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. "முழுக்க நம்புறன்" என்றார். குரலில் ஒரு தளம்பலும் இல்லை. ஆனால் குசினியிலிருந்து காத்தோட்டிக்காய் பொரியும் வாசம் வந்தது. தகப்பனை இழந்த பிள்ளைகள் விரதம் இருக்கும் அந்த ஒரு நாளில்தான் எங்கள் வீடுகளில் அந்தக் காய் சட்டியில் விழும். வளர்ந்த மகன் குளித்து, திருநீறு பூசி, வாழையிலைக்கு முன்னால் இருந்தான்.

ஓகோ, இவர் வாயால் சொல்வது ஒன்று, மனதுக்குள் வேறு என்று எனக்கொரு பெரிய கண்டுபிடிப்பு. படலையைத் தாண்டியதும் பதிலை 'நம்பவில்லை' என்று மாற்றினேன். உண்மையைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு. தூ!

பதில்களைச் சரிபார்க்க அலுவலகத்திலிருந்து சிலருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அவருக்கும் எடுத்து, நம்பவில்லை என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அன்று பின்னேரமே, நான் கொடுத்துவிட்டு வந்த இலக்கத்துக்கு அவர் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, பிள்ளை தேப்பனுக்கு விரதம் பிடிக்கிறான். அது அவன்ரை கடமை, நான் மறிக்கேல்லை. ஆனா அவர் இல்லை எண்டு என்ரை வாயாலை ஒரு நாளும் சொன்னதில்லை. உம்மை ஆர் சொல்லச் சொன்னது?"

மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அவர் உண்மையில் எதை நம்பினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அடுத்த நாள் அலுவலகத்துக்கு ஓடினேன். பிழை என்னுடையது, பதிலை மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். பொறுப்பாளர் கணினியைப் பார்த்துவிட்டு, தேவையில்லை என்றார். சரிபார்க்கத் தொலைபேசியில் கேட்டபோது அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் அழுதாராம். அந்த அழுகையைச் சம்மதமாக எடுத்து, 'நம்பவில்லை' என்பதையே உறுதிசெய்துவிட்டார்களாம்.