மணல்மூட்டை லெமுவல் கோட்டைத் தாண்டியது

லெமுவல் கம்ப்ஸ் வாய் திறந்தால் கேப்டன். வாயை மூடினால், ஹோட்டல் கடற்கரையில் வெயில் காய வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சாய்வு நாற்காலி விரித்துப் போடுகிறவன். அவன் வாயை மூடி அங்குவிலா தீவில் எவரும் கண்டதில்லை. ஆகவே பாதிச் சுற்றுலாக்காரர்களின் புகைப்படங்களில் அவன் கேப்டனாகவே கடல் கடந்து போய்ச் சேர்ந்திருக்கிறான்.

உண்மையில் ‘சின்னச் சீமாட்டி’ என்ற பந்தயப் பாய்மரப் படகில் அவனுக்கு ஒரே உத்தியோகம்தான்: பாரம். காற்றை எதிர்த்துப் போகையில் படகு கவிழாமலிருக்க எடை வேண்டும். முன்பெல்லாம் மணல்மூட்டை அடுக்கினார்கள். லெமுவல் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை; இந்த மூட்டை தானே நடந்து வந்து படகில் ஏறிக்கொள்ளும். திரும்பி வருகையில் காற்று முதுகைத் தள்ளும், எடை எதற்கு? கடலில் குதிக்கச் சொல்லிவிடுவார்கள். அவன் விழுகிற வேகத்தில் அக்கரையில், செயின்ட் மார்ட்டினில், கொடியில் காயும் துணியெல்லாம் மறுபடி நனைந்துபோகும்.

ஆக, பந்தயம் முடிகிற இடத்தில் மிதவைக்கும் நடுவர் படகுக்கும் இடையிலிருக்கும் எல்லைக் கோட்டை அவன் ஒருநாளும் படகில் உட்கார்ந்தபடி தாண்டியதில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். இருந்தும், பந்தயத்துக்கு முந்தின நாள், மனைவி அயாந்தி சாண்டி கிரவுண்ட் கடற்கரையில் ஜானி கேக் என்கிற மாவுப் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்த இடத்தில் நாலு பேர் நடுவே கால்மேல் கால் போட்டு ஆரம்பித்தான்.

“கடைசி நேரத்துல சுக்கான் என் கையிலதான் இருக்கும்.”

“உன் கையிலயா?” அயாந்தி சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கல்யாணம் ஆனதுலேர்ந்து வருஷா வருஷம் ஆகஸ்ட் திங்கக்கிழமை பந்தயத்த மேட்டுல வண்டிய நிறுத்திப் பாக்குறேன். படகு கோட்டைத் தாண்டும். எம் புருஷன் தேங்கா மாதிரி பின்னால மிதந்துக்கிட்டிருப்பான்.”

“நாளைக்குப் பாருடி. படகுலேர்ந்து நான் எறங்கினா எம் பேரு லெமுவல் இல்ல.”

“அந்தப் பேரச் சொல்லி இங்க யாருய்யா உன்னைக் கூப்பிடுறா? எல்லாரும் மூட்டைன்னுதானே கூப்பிடுறாங்க!”

வாங்க வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்துவிடும் போலிருந்தது. அன்றிரவு அவனுக்குத் துவரைச் சோறு இரண்டு தட்டு இறங்கிற்று. அவமானம் மட்டும் இறங்கவில்லை.

மறுநாள் கடைசி மிதவையைச் சுற்றித் திரும்பியதும், ‘மின்னல்’ என்கிற எதிரிப் படகு உரசுகிற மாதிரி பக்கத்தில் வந்துவிட்டது. சுக்கானைப் பிடித்திருந்த அசல் கேப்டன் ஹெஸ்கத் கத்தினார்.

“மூட்டை, குதி!”

லெமுவல் பாய்மரக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். கல்யாணத்தன்று அயாந்தியைக்கூட அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

“முடியாதுங்க கேப்டன். இன்னிக்கு நான் அந்தக் கோட்டைத் தாண்டியே ஆகணும்.”

“கோட்ட நான் சாயங்காலம் மணல்ல போட்டுக் காட்டுறேன், நாள் பூரா தாண்டு! இப்ப எறங்குடா!”

இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் மற்றவர்களை இறக்கினார் ஹெஸ்கத். ஒல்லி ஒல்லியான ஆட்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் விழுந்தார்கள். அத்தனை பேர் போயும் ஒரு லெமுவல் எடை குறைந்தபாடில்லை. பொறுமை போய், அவர் சுக்கானை விட்டுவிட்டு அவன் விரல்களைப் பிய்த்தெடுக்க ஓடி வந்தார். சுக்கானைக் கைவிட்டதும் பாயின் அடிக்கட்டை சர்ரென்று மறுபக்கம் வீசி, அசல் கேப்டனையும் வாரிக் கடலில் போட்டது.

இப்போது படகில் லெமுவல் மட்டும். இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருந்த பதவி அவனைத் தேடியே வந்துவிட்டது. சுக்கான் கூப்பிடு தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பிடிப்பதானால் கம்பத்தை விட வேண்டும். கேப்டன் லெமுவல் அவர்கள் கம்பத்தடியில் குப்புறப் படுத்து, கண்ணை இறுக மூடி, ஞாயிறு பள்ளியில் கற்ற ஜெபங்களையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒப்பிக்கத் தொடங்கினார்.

மேட்டில் நின்ற கார்களின் ரேடியோக்கள் அலறின. சின்னச் சீமாட்டி முதலாவதாகக் கோட்டைத் தாண்டியது. தாண்டி, நிற்கவில்லை. கரையில் கைதட்டியவர்கள் தட்டின கையோடு பார்த்துக்கொண்டிருக்க, வளைகுடாவை விட்டு வெளியேறி, ஆளில்லாத டாக் தீவின் மணலில் மூக்கைச் செருகிய பிறகுதான் நின்றது. அங்கே இருப்பவை காட்டு ஆடுகள் மட்டும். சிங்கி இறால் பிடிக்கப் போன படகு அவனைக் கண்டு, சீமாட்டியையும் கட்டி இழுத்துவந்தது. அதற்குள் அந்த ஆடுகளிடமும் தான் கேப்டன் என்று சொல்லி முடித்திருந்தான்.

கடற்கரையில் பெருஞ்சண்டை நடந்துகொண்டிருந்தது. கேப்டன் தண்ணீரில், படகு முன்னால். இது வெற்றியா இல்லையா? லெமுவல் மார்பை நிமிர்த்திக்கொண்டு சரியாக அந்தக் கூட்டத்தின் நடுவில் வந்து இறங்கினான்.

“பாத்தியாடி? தாண்டிட்டேன்!”

“தாண்டினய்யா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்,” என்றாள் அயாந்தி, சூடான ஜானி கேக் ஒன்றை அவன் கையில் வைத்து. “ஒண்ணே ஒண்ணு சொல்லு. தாண்டும்போது நடுவர் படகு உனக்கு எடது பக்கம் இருந்துச்சா, வலது பக்கமா?”

சண்டை நின்றது. ஹெஸ்கத் உட்பட ஊரே அவன் முகத்தைப் பார்த்தது.

லெமுவல் ஜானி கேக்கை முழுதாக வாயில் திணித்துக்கொண்டான். மென்று முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அங்குவிலா அவன் வாயை மூடிக் கண்டது அன்றைக்குத்தான்.