ஐம்பத்தெட்டு கிலோ புத்தர்

தராசில் ஏறுவதற்கு முன் குசானோ இசாகு ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிடுவார். மேல்சட்டையைக் கழற்றுவார். கழுத்துத் துண்டையும் எடுத்து வாளிமேல் போடுவார். ஜனவரி மாதம், வெளியே முழங்காலளவு பனி. சோயாப் பன்னீரான டோஃபு செய்து விற்கிற அவர் கடையின் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்றால் பல் தந்தியடிக்கும். ஆனாலும் சோயா மூட்டை நிறுக்கிற அந்தப் பழைய தராசின் முள் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு சுவர் நாட்காட்டியில் பென்சிலால் ஓர் எண்ணைக் குறிப்பார். அதற்கப்புறம்தான் ஊறவைத்த சோயாவில் கை வைப்பார்.

"கல்யாணப் பொண்ணுகூட இப்படி எடை பாக்க மாட்டா" என்பார் அவர் மனைவி கினுயோ, அடுப்பைப் பற்றவைத்தபடி.

"கல்யாணப் பொண்ணப் பலகையில வெச்சு நாலு பேரா தூக்குறாங்க?"

"காலங்காத்தால நாலு பேரு தூக்குற பேச்சு எதுக்கு? வாயைக் கழுவுங்க."

நாலு பேர் தூக்குவது உண்மைதான், கினுயோ பயப்படுகிற காரியத்துக்கு அல்ல. இசாகு வருடத்தில் ஒருநாள் புத்தராக இருக்கிறவர்.

சுகிதானியில் மொத்தம் பதினான்கு வீடுகள். ஊருக்குப் பின்னால் நாற்பத்துமூன்று கல்படிகள் ஏறினால் ஒரு சின்ன மரக்கோயில், அதற்குள் மருந்துப் புத்தர். இடது கையில் மருந்துச் செப்பு, வலது கை அபயம். ஆயிரம் வயதுக்குக் குறையாது. பூசாரி கிடையாது, சாவியை ஊர்க்காரர்களே முறைவைத்து வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் அவரைப் பழஞ்செல்வப் பட்டியலில் சேர்த்து ஐம்பது வருடமாகிறது. அன்றிலிருந்து அவரை ஒரு விரற்கடை நகர்த்துவதானாலும் டோக்கியோவுக்குத் தாள் போக வேண்டும். உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது, பேட்டரி விளக்குதான். கூரைக்குள் புகைமோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஜனவரிக் கடைசியில், நாடு முழுக்க நடப்பதுபோல, இங்கும் தீ ஒத்திகை உண்டு. மணி அடித்ததும் புத்தரைப் பலகையில் வைத்துக் கட்டி, படியிறக்கி, அடிவாரத்து வண்டிக் கொட்டகையில் சேர்க்க வேண்டும்.

நிஜமானவரை எடுத்து விளையாட முடியுமா? பன்னிரண்டு வருடங்களுக்கு முன்புவரை சுருட்டிய மெத்தை ஒன்றைத்தான் புத்தர் என்று சொல்லித் தூக்கினார்கள். ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட, மற்றவர்கள் அரிசி மதுவான சாக்கே சூடாகிவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவார்கள். அந்தச் சமயத்தில் சிலை செப்பனிட கியோட்டோ போய் வந்தது. கூடவே ஓர் அறிக்கையும் வந்தது. உயரம், மரம், வெடிப்பு, பூச்சு எல்லாவற்றோடும் எடையும் அதில் இருந்தது: ஐம்பத்தெட்டு கிலோ. ஊர்க்கூட்டத்தில் அதை வாசித்தபோது பின்வரிசையிலிருந்து இசாகு, "அட, அது என் எடையாச்சே" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்று மாட்டியவர்தான்.

மாட்டிக்கொண்ட வேலையை அரைகுறையாகச் செய்கிற ஆள் அல்ல அவர். பலகையில் சம்மணமிட்டு, புத்தர் எப்படியோ அப்படியே உட்காருவார். இடது கை மடியில்; மருந்துச் செப்புக்குப் பதில் ஒரு சாக்கேக் கிண்ணம். மென்தாள் சுற்றி, வெள்ளைத் துணியால் கட்டுவார்கள். கட்டி முடிந்ததும் வலது கையை நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, உள்ளங்கையை வெளியே காட்டுவார். அவ்வளவுதான். அந்தக் கை உயர்ந்துவிட்டால் கொட்டகைத் தரையைப் பலகை தொடும்வரை இசாகு பேச மாட்டார். மூக்கில் பனி விழுந்தாலும் துடைக்க மாட்டார். ஒரு வருடம் யாரோ உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததே தவிர, உதடு பிரியவில்லை.

"அந்தக் கையை வீட்லயும் அப்பப்போ தூக்கினா எனக்கு நிம்மதி" என்று கினுயோ சொன்னதற்கு ஊரே சிரித்தது.

மற்ற நாட்களில் டோஃபு வியாபாரம். சின்ன வண்டியில் ஊதுகுழலை ஊதிக்கொண்டு ஆறு ஊர் சுற்றுவார். ஒரு கட்டி நானூறு கிராம். நாற்பது வருடத்தில் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. உள்ளங்கையில் எடுத்தாலே அவருக்கு எடை தெரிந்துவிடும்; கண்ணால் பார்த்தால் மனிதர்களுக்கும் சொல்லிவிடுவார், அதுவும் கேட்காமலே. நகராட்சிக் கல்விக் குழுவில் பழஞ்செல்வங்களைக் கவனிக்கிற அதிகாரி மிசோகுச்சி என்ற முப்பது வயதுப் பெண். அவர் முதன்முதலாக ஊருக்கு வந்து குனிந்து வணங்கியபோது இசாகு சொன்ன முதல் வார்த்தை, "ஐம்பத்தாறரை. அந்தப் பையைக் கீழ வெச்சா ஐம்பத்தஞ்சு." அந்தப் பெண்ணின் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அப்புறம் கினுயோ ஒரு வாரம் இவரோடு பேசவில்லை.

அது சென்ற வருட ஒத்திகை. அன்றைக்குத்தான் வினையும் ஆரம்பித்தது. தூக்குகிற நான்கு பேருக்கும் தலைவர் தகேஹாரு. எழுபத்தெட்டு வயது, கோயில் சாவி பெரும்பாலும் அவர் இடுப்பில்தான். மற்ற மூவரும் அவருக்கு இளையவர்கள் என்று பேர். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குக் கண், ஒருவருக்கு இரண்டும். பதினோராவது படியில் பலகை சாய்ந்து இசாகு பனியில் உருண்டார். பிறகு எடுத்து வைத்துக் கட்டி இறங்கியபோது மிசோகுச்சியின் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் பதினொன்றரை நிமிடம் காட்டியது.

"பத்து நிமிஷத்துக்குள்ள கூரை உக்காந்துடும்ங்க" என்றார் மிசோகுச்சி. "தீயணைப்பு வண்டி இந்தப் பனியில வந்து சேர அரை மணியாவது ஆகும். அதுவரைக்கும் நீங்க நாலு பேருதான். உங்க வயசைக் கூட்டினா முந்நூறு."

தகேஹாருவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நானூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி சண்டையில ஊரே எரிஞ்சப்போ அவரைத் தூக்கிட்டு ஓடி வயல்சேத்துல பொதைச்சது எங்க ஆளுங்கம்மா. அப்ப யாரு கடிகாரம் புடிச்சா?"

"அவங்க காப்பாத்தினதாலதான் நான் இங்க நிக்கிறேன். மலையேறி வந்து இவரை மாதிரி சிலைங்களைப் பாக்கறதுதான் இந்த வேலையில எனக்குப் புடிச்சதே. ஆனா அடுத்த வருஷமும் பத்து நிமிஷம் தாண்டினா, ஏரிக்கரை மியூசியத்துல கொண்டுபோய் வைக்கணும்னு நான் எழுதித்தான் ஆகணும்."

நியாயத்தை மறுக்க முடியவில்லை. ஊர் கூடிப் பேசி, பத்து நிமிடம் என்று தகேஹாருவே ஒத்துக்கொண்டார். தினமும் தொட்டியிலிருந்து எடுக்கிற முதல் கட்டியைப் புத்தர் முன்னால் வைத்துவிட்டுத்தான் இசாகு வண்டியைக் கிளப்புவார். மியூசியக் கிடங்கில் யாரும் டோஃபு வைக்க விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கோடையில் ஆஸ்பத்திரியில் அவர் வயிற்றில் கத்தி வைத்தார்கள். இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டார்கள். பிழைத்து வந்தார். ஆனால் வாழ்நாளெல்லாம் விற்ற டோஃபுவையே வேளைக்கு நாலு கரண்டியாகத் தின்று உயிர் வளர்க்க வேண்டியதாயிற்று. இடைவாரில் புதிதாக மூன்று ஓட்டைகள் போட்டார். இலையுதிர்காலத்தில் தராசில் ஏறியபோது முள் நாற்பத்தொன்பதில் நின்றது. அதற்குமேல் ஏறவே இல்லை.

ஊர் முதலில் வருத்தப்பட்டது. பிறகு கணக்குப் போட்டது. டிசம்பரில் ஒருநாள் தங்களுக்குள் ஒத்திகை பார்த்தார்கள்: ஒன்பது நிமிடம் இருபது நொடி! தகேஹாரு கொட்டகையில் பலகையை இறக்கிவிட்டு, குழந்தையைப்போலக் கைதட்டினார். "இது அவரோட வேலைடா! மருந்துப் புத்தர் இல்லையா? நமக்காகப் பாத்துத்தான் உன் வயித்துல கை வெச்சிருக்காரு." புத்தாண்டுக்கு வீட்டுக்கு வீடு மோச்சி என்கிற அரிசிக் கொழுக்கட்டை கொடுத்துக்கொள்வது வழக்கம். இந்த முறை இசாகு வீட்டுக்கு ஒரு வீட்டிலிருந்தும் வரவில்லை. தின்று எடை ஏறிவிட்டால்? மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் பாருங்கள்.

மிசோகுச்சிக்கு இது எதுவும் தெரியாது. சிலைக்குப் பதில் அதே எடையில் ஓர் ஆள் என்று காகிதத்தில் இருக்கிறது. அந்த ஆளைத் தடித்த குளிர்ச்சட்டைக்குள் மட்டுமே அவர் பார்த்திருக்கிறார்.

இசாகு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். ஆனால் நாட்காட்டியில் தினமும் 49 என்று எழுதி, பக்கத்திலேயே 58 என்றும் எழுத ஆரம்பித்தார். புத்தர் போய்விடுவார் என்று நினைத்தாலே அறுத்த இடம் மறுபடி வலிக்கிறது என்று கினுயோவிடம் ஒருமுறை சொன்னார். நாற்பத்தொன்பதில் பலகை ஏறுவது எடை குறைத்துக் கொடுத்த கட்டியைப்போல இருக்கிறது என்று இன்னொருமுறை சொன்னார். இரண்டையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

ஒத்திகைக்கு மூன்று நாள் முன்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இசாகு ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து மனைவிமுன் வைத்தார்.

"நீளமா ரெண்டு பை தெச்சுக் குடு. சோயாவைச் சூடாக்கி இடுப்புல கட்டினா சூடு நல்லா தங்குமாம்."

"எவ்ளோ சோயா?"

"ஒரு... ஒம்போது கிலோ."

கினுயோ மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "ஒம்போது கிலோ சூடா!" என்றார். ஊசியில் நூலைக் கோத்தார். தைத்து முடித்ததும், "முன்பக்கம் கட்டாதீங்க, தையல் இருக்கு" என்றார்.

ஒத்திகையன்று வெயில் நன்றாக அடித்தது. படிகளில் பனியை வாரி ஒதுக்கியிருந்தார்கள். இசாகு மேலே ஏற நான்கு இடத்தில் நின்றார். வயதான மனிதர், பாவம் என்று மிசோகுச்சி கையை நீட்டினார். "வேணாம்மா, புத்தரைப் புடிச்சு ஏத்தக் கூடாது, இறக்கத்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டு அவர் தானாகவே ஏறினார். மிசோகுச்சி வாசலுக்கு வெளியே அபாய மணிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கோயிலுக்குள் பலகையைப் போட்டு, இசாகுவை உட்கார வைத்து, மென்தாளைச் சுற்றினார்கள். துணியை இடுப்பைச் சுற்றி இழுத்த தகேஹாருவின் கை அப்படியே நின்றது. சட்டைக்கு மேலேயே மறுபடி தடவிப் பார்த்தார்.

"என்னடா இது?" குரலை அடக்கினார். "கல்லு கட்டியிருக்கியா?"

"சோயா, அண்ணே. ஒம்போது கிலோ."

"பைத்தியமாடா உனக்கு? ஊரே ஒரு வருஷமா உசுரக் கையில புடிச்சிட்டு இருக்கு. அவுருடா அதை!"

"நெசமா தீ புடிச்சா அவரு நாப்பத்தொம்போது கிலோ ஆயிடுவாரா அண்ணே?"

"நெசமா புடிச்சா பயத்துலயே தூக்கிருவோம்டா."

"போன வருஷம் பதினோராவது படியில என்னைப் போட்டீங்க. நான் தட்டிவிட்டு எந்திரிச்சு உக்காந்தேன். அவரு விழுந்தா விரலு போயிடும். ஆயிரம் வருஷமா நீட்டிக்கிட்டு இருக்கிற விரலு."

மற்ற மூன்று பேரும் பலகையின் கைப்பிடிகளைப் பிடித்தபடி நின்றார்கள். உள்ளே, கம்பிக் கதவுக்கு அப்பால், பேட்டரி விளக்கொளியில் நிஜமானவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் காலையில் வைத்த டோஃபு ஓரம் உலர்ந்துபோயிருந்தது. தகேஹாரு அதைப் பார்த்தார்.

"அவரைக் கொண்டுபோயிட்டாங்கன்னா? நாளைக்குக் காலையில எங்கடா கொண்டுபோய் வெப்பே அந்தக் கட்டியை?"

இசாகு கம்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"தகேஹாரு ஐயா, கட்டியாச்சுங்களா?" என்று வெளியிலிருந்து மிசோகுச்சியின் குரல் வந்தது. "மணி அடிக்கட்டுமா?"

"ஒரு நிமிஷம்மா!" என்று கத்தினார் தகேஹாரு. பிறகு குனிந்து, சட்டைக்குள் கை விட்டு முடிச்சைத் தேடினார். "அவ பாக்கல. நானே அவுத்துடுறேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா இரு. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்டா, இசாகு."

இசாகு சாக்கேக் கிண்ணத்தை இடது உள்ளங்கையில் சரியாக வைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கையை மெல்ல நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, உள்ளங்கையைத் தகேஹாருவின் முகத்துக்கு எதிரே விரித்தார். இந்த முறை அது அபயம் இல்லை, முடிச்சைத் தொடாதே என்பது. கை இறங்கவில்லை.