செட்டு மாத்திரைப் பொன்செல்வி

வலியசாலைத் தெருவில் காலையில் முதலில் கேட்பது கோயில் மணியா, பொன்செல்வியின் குரலா என்று பந்தயம் கட்டினால் மணி தோற்றுப்போகும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்தவள். கணவனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. சனிக்கிழமைதான் வீடு திரும்புவான். அவள் விடியுமுன் அக்ரகாரத்துக்குள் நுழைந்தால் உச்சிப்பொழுதுவரை வீடு வீடாகப் பாத்திரம் தேய்ப்பாள்.

அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு: செட்டு மாத்திரை. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கருப்பட்டியோடும் முறுக்கோடும் தம்பியின் மருந்துக்கடைப் பொட்டலங்களும் பஸ் ஏறி வரும். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பெயர் தெரியாத குட்டி மாத்திரை ஒன்று. எல்லாம் சேர்ந்தது ஒரு செட்டு. உறையைக் கழற்றிவிட்டுத்தான் தம்பி கொடுப்பான். "டாக்டர்மார்ட்ட மட்டும் சொல்லிராதக்கா, கடைய மூடிருவானுவ" என்பான்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவள் குடியிருக்கும் லைன் வீட்டில் கொத்தனாருக்கோ ஓட்டல்காரனுக்கோ பல் வலித்தால் அவள் கதவுதான் தட்டப்படும். அவள் செட்டைப் போட்ட பரோட்டா மாஸ்டர் ஒருவன், வலித்த பல்லாலேயே தேங்காய் உரித்தான் என்பார்கள். தேங்காய் கொஞ்சம் அதிகம். கரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லுக்கு அரசு ஆஸ்பத்திரி இல்லாத ஊரல்ல இது. இருக்கிறது; அங்கே ஏழையிடம் யாரும் பெரிதாகக் காசு கேட்பதில்லை. அது கேட்பது ஒரு காலைப்பொழுதை. விடியும்போதே வரிசையில் நின்று சீட்டு எடுக்க வேண்டும். மற்றவர்களுடைய காலைகளை நடத்திக்கொடுக்கும் பொன்செல்வியிடம் சொந்தமாக ஒரு காலை கிடையாது.

அவள் முதலில் போகும் வீடு நாகலக்ஷ்மி மாமியுடையது. மாமியின் கடைவாய்ப் பற்களெல்லாம் தாடை எலும்பில் திருகி முடுக்கிய செயற்கைப் பற்கள். மாமி மத்தியானம் தூங்கி எழும் நேரம் பார்த்து இடம் ஒதுக்கி, முந்தின நாளே போனில் நினைவூட்டும் கிளினிக் அவளுக்கு வாய்த்தது.

"பல்லு வலிக்கி மாமி. நாளைக்கு ஒரு நேரம் வரல" என்று பொன்செல்வி சித்திரையில் கேட்டாள்.

"நாளைக்கு ஸ்ராத்தம்டீ. அடுத்த வாரம் போயேன், பல்லு எங்க ஓடிடப் போறது?"

பல் ஓடவில்லை. அடுத்த வாரம்தான் ஓடிப்போயிற்று, அதற்கடுத்ததும். பொன்செல்வி செட்டைப் போட்டுக்கொண்டு தேய்த்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் தெருவில் அவள் குரல் கேட்கவில்லை. மாமி காப்பி டம்ளரோடு கொல்லைப்பக்கம் போனாள். குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தவளின் தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

"ஏண்டீ, வாயில என்னத்த அடக்கிண்டிருக்கே?"

"ஒண்ணுமில்ல மாமி." வெற்றிலை குதப்பியவள் குரல் போல வந்தது.

"எச்சிலை முழுங்கு, பாப்போம்."

முயன்றாள். கண்தான் நிறைந்தது.

மாமி தன் கிளினிக்கைக் கூப்பிட்டாள். புதுப் பேஷன்ட் என்றால் வியாழக்கிழமை சாயங்காலம் என்றாள் அங்கிருந்த பெண், தேன் ஒழுக. "அதுவரைக்கும் இவ மூச்சு விடணுமே!" என்று மாமி கத்துவதற்குள் போனில் வீணை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தெருமுனை கிரீஷின் ஆட்டோ வந்தது. "ஏதாவது மருந்து போட்டுண்டியா?" என்றாள் மாமி. பொன்செல்வி தலையாட்டி மறுத்தாள். பொய். வேலை முடியும்வரை தாங்கட்டும் என்று விடியுமுன் இரண்டு செட்டைப் பொடித்துக் கரைத்து, சொட்டுச் சொட்டாக இறக்கியிருந்தாள்.

கிழக்கேகோட்டை நெரிசலில் ஆட்டோ நின்றபோது அந்த மாத்திரைகள் வேலையைக் காட்டின. வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கியது. வீக்கமும் கொஞ்சம் வற்றியது. வலி விட்டது.

"கொறஞ்சிட்டு மாமி. திரும்பிருவோம். ஆறாம் நம்பர் வீட்ல தேய்க்கணும்."

"பேடிக்கண்டா சேச்சி, இப்போ எத்தும்" என்று, பயப்படாதே, இதோ போய்ச் சேர்ந்துவிடுவோம் என மலையாளத்தில் தேற்றி, கிரீஷ் ஹாரனை அமுக்கினான். மூச்சு மட்டும் ஒத்துவரவில்லை. உள்ளே போகும்போது மெல்லிய விசில் கேட்டது.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தவள் ஆர்ஷா, தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லையோரப் பாறசாலைப் பக்கத்து இளம் டாக்டர். சுற்றிலும் விபத்துக் கேஸ்கள். காய்ச்சல் பார்த்தாள், இல்லை. வீக்கத்தைப் பார்த்தாள், கொஞ்சம்தான். "இண்ணைக்குப் பல் ஓ.பி. சீட்டெல்லாம் கழிஞ்சாச்சு அக்கா. நாளைக்குக் காலம்பற வாங்க."

பொன்செல்வி எழுந்தேவிட்டாள். மாமி அவள் தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

"டாக்டர், நாளைக்குங்கற வார்த்தைய இவகிட்ட நானே நிறைய சொல்லியாச்சு. நீங்களும் சொல்லாதேங்கோ."

ஆர்ஷா நிமிர்ந்து பார்த்தாள். விசில் அவள் காதிலும் விழுந்தது. "அக்கா, மருந்து வல்லதும், ஏதாவது மாத்திரை, தின்னீங்களா?"

தம்பி கடையின் இழுப்புக் கதவு பொன்செல்வியின் கண்முன் இறங்கியது. வாயை மூடிக்கொண்டாள். அடுத்த மூச்சு பாதி வழியில் நின்றது. அதற்கடுத்தது வரவே யோசித்தது. அவள் இடுப்பைத் துழாவி, மீதிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

குட்டி மாத்திரையைத் திருப்பிப் பார்த்த ஆர்ஷாவின் முகம் மாறிற்று. "இது காய்ச்சலையும் வீக்கத்தையும் மறைச்சு வைக்கும். உள்ள சீழு எறங்கிட்டே இருக்கும். நாக்கத் தூக்குங்க!" நாக்கு ஏற்கெனவே மேலே தள்ளப்பட்டிருந்தது. தாடையின் அடிப்பக்கம் அம்மிக்கல். ஆர்ஷா திரும்பி ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்தாள். அதைத் தள்ளிக்கொண்டு ஓடியவர்களில் கிரீஷும் ஒருவன்.

கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள், பல்லையும் பிடுங்கினார்கள். வடம் கட்டி டாக்டர்கள் இழுத்தபோது ஆஸ்பத்திரியே ஒரு பக்கம் சாய்ந்ததாகப் பொன்செல்வி சொல்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவள் சொன்னதாகவே இருக்கட்டும். குரல் திரும்பியதும் முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் போட்டு ஏசினாள். செட்டு வருவது அன்றோடு நின்றது.

மழை ஓய்ந்த பிறகு ஒருநாள், சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் பிச்சைக்கனி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினான். பொன்செல்வி தாடையை நிமிர்த்தித் தழும்பைக் காட்டினாள்.

"செட்டு இல்லடே. விடியக்காலம் எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஒருநா கூலி போயிருமேக்கா."

"போட்டும். கழுத்து இருக்கும்லா."

மறுநாள் மாமியிடம் சொன்னாள்: "செவ்வாக்கெழம காலைல வரமாட்டேன் மாமி."

"இப்ப யாரோட பல்லு?"

"பிச்சைக்கனிக்கு. அவனுக்கு மலையாளமும் தெரியாது, எங்க நிக்கணும்னும் தெரியாது."

"செவ்வாய்க்கிழமை எனக்கும் கிளினிக் இருக்கேடீ."

"ஒங்களுக்குச் சாயந்தரம்லா."

மாமி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு தொட்டியடிக்குப் போய்க் குனிந்து தேடினாள்.

"பாத்திரம் தேய்க்கற நாரை எங்கடீ வெச்சுத் தொலைச்சிருக்கே?"