குடல் வாளியில் கழுவிய கை

இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் இல்லை. கைப்பிள்ளையாக இருந்த என் மகனுக்கு வயிற்றுப்போக்கு. காலையில் கண் சொருகிவிட்டது.

நான் அப்போது ஆட்டுத்தொட்டியில் குடல் கழுவிக்கொண்டிருந்தேன். ஆடு அறுக்கிற இடத்தை எங்கள் பக்கம் தொட்டி என்றுதான் சொல்வோம். வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். எதிரே இருந்த வாளியில் கையை முக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நடந்தேதான் போனோம். மறியல் செய்தவர்கள் பிள்ளையைப் பார்த்ததும், "கொழந்தைக்கு முடியலடா, கைய குடு" என்று எங்களை மரத்தின் மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். வழியெல்லாம் வீட்டுக்காரர் கொண்டுவந்திருந்த சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்து அவன் வாயில் வைத்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவன் லேசாகச் சிணுங்கியதும் மறுபடி விரலை நனைத்தேன். நர்ஸம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, நகத்துக்குள்ள?"

"தொட்டியில குடல் கழுவுறங்க."

"சோப்பு போட்டியா?"

"தண்ணியில கழுவிட்டங்க."

"எந்தத் தண்ணி?"

நான் கையை முக்கிய வாளியில் இருந்தது குடல் அலசிய தண்ணீர். பக்கத்துக் கட்டில் பெண் தன் பிள்ளையைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டாள். உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வைத்த விரல் அது. குழாயடியில் நின்று தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். பாலுக்கு அழுதபோதுகூட அவனைத் தூக்கக் கூசியது.

பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

வேலைக்குத் திரும்பியதும் தொட்டியைக் குத்தகை எடுத்திருந்தவரிடம் சோப்பும் கை கழுவத் தனி வாளியும் கேட்டேன்.

"பீயக் கழுவுற எடத்துல சோப்பு இன்னாத்துக்கு?" என்று சிரித்தார். கூடக் குடல் கழுவும் பெண்களும் சிரித்தார்கள். அவர் போன பிறகு ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர்களிடம் சொன்னேன். தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. பால்குடிக்கும் பிள்ளை வைத்திருந்த ஒருத்தி தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள்தான் சோப்பு வாங்கி வந்தாள்.

"ஒனக்கும் சேத்துதான்க்கா," என்றாள்.

தொட்டிக்குக் குழாய் வர அப்புறமும் பல வருஷம் ஆயிற்று. அதுவரை சோப்பைத் துண்டு துண்டாக அறுத்து வைத்துக்கொண்டோம். புதிதாக வருகிறவளிடம் கத்தியைக் கொடுக்கும் முன் ஒரு துண்டைக் கொடுப்பேன். கையில் வாடை போய்விட்டால் சுத்தம் என்று நினைக்காதே, நகத்தை வெட்டு, குடல் வாளியில் கையை முக்காதே என்பேன். ஏன் என்று கேட்டால் மட்டும் இதைச் சொல்வேன். சொல்லும்போது இன்றும் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறேன்.